பதினான்கு டன் கப்பல்

எலைட் டேஞ்சரஸ் விளையாட்டில் கால் வைக்கும் எவருக்கும் முதலில் கிடைப்பது சைட்வைண்டர் என்ற சின்னக் கப்பல். ஓசியில் தருவார்கள். உடைத்துப் போட்டால் இன்னொன்று கிடைக்கும், அதுவும் ஓசிதான். கணக்கில் 1,000 கிரெடிட் இருக்கும். வெளியே நம் பால்வெளி மண்டலம் அதன் அசல் அளவிலேயே விரிந்து கிடக்கும்: 40,000 கோடி விண்மீன் அமைப்புகள். சைட்வைண்டரால் ஒரு தாவலில் கடக்க முடிந்த தூரமோ ஏழரை ஒளியாண்டு. ஏழரை என்று கேட்டதும் நம்மவர் சிரித்துவிட்டார்.

நம்மவர் என்று இங்கே சொல்லப்படுகிறவர் நாமக்கல்லில் ஒரு லாரி புக்கிங் ஆபீசில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தவர். கோவையில் இன்ஜினியரிங் படித்த அக்கா மகன் 2015இல் லீவுக்கு வந்தபோது தன் பழைய கம்ப்யூட்டரையும் ஒரு ஜாய்ஸ்டிக்கையும் இவர் வீட்டில் விட்டுவிட்டுப் போனான். போகும்போது இந்த விளையாட்டையும் ஏற்றிக் கொடுத்தான். “சும்மா சரக்கு ஏத்தி எறக்கிட்டே இருக்கலாமுங் மாமா, உங்களுக்குப் புடிக்கும்” என்று ஒரு வார்த்தை சொன்னான். அந்த ஒரு வார்த்தை போதுமானதாக இருந்தது.

விளையாட்டின் வம்சம் பழையது. 1984இல் டேவிட் பிரேபன், இயன் பெல் என்ற இரண்டு கேம்பிரிட்ஜ் மாணவர்கள் பிபிசி மைக்ரோ கணினிக்காக ‘எலைட்’ என்ற விளையாட்டை எழுதினார்கள். 32 கிலோபைட் நினைவகத்துக்குள் எட்டு விண்மீன் மண்டலங்கள், ஒவ்வொன்றிலும் 256 உலகங்கள். ஆட்டக்காரர் கையில் கோப்ரா மார்க் த்ரீ கப்பலும் 100 கிரெடிட்டும் தரப்பட்டன. விற்கலாம், வாங்கலாம், கொள்ளைக்காரர்களைச் சுடலாம், கொள்ளைக்காரராகவும் ஆகலாம். பிரேபனின் ஃப்ரான்டியர் டெவலப்மென்ட்ஸ் நிறுவனம் 2012 நவம்பரில் கிக்ஸ்டார்ட்டரில் 12.5 லட்சம் பவுண்டு கேட்டு, 15 லட்சத்துக்கு மேல் திரட்டி, 2014 டிசம்பர் 16 அன்று அதன் வாரிசை வெளியிட்டது. கதை நடக்கும் ஆண்டு 3300.

முதல் சில வாரங்கள் கடிதப் பட்டுவாடாவில் போயின. ஒரு ஸ்டேஷனிலிருந்து அடுத்த ஸ்டேஷனுக்குத் தகவல் கொண்டுபோய்க் கொடுத்தால் சில ஆயிரம் கிரெடிட் கிடைக்கும். சைட்வைண்டரின் வயிற்றில் சில டன் சரக்கும் ஏறும். கையில் ஒரு லட்சம் சேர்ந்தபோது, சொந்தக் கப்பல் என்ற பேச்சு வந்தது.

அந்தக் காசுக்குக் கடையில் மூன்று கப்பல்கள் இருந்தன. ஈகிள், 44,800 கிரெடிட். மூன்று துப்பாக்கி பொருத்தலாம், சட்டென்று திரும்பும், பார்க்கவும் லட்சணம். ஹாலர், 52,720. ஒரே ஒரு சிறிய துப்பாக்கிக்குத்தான் இடம். மூஞ்சி சப்பை, முதுகு பெட்டி. ஆடர், 87,808. கொஞ்சம் பெரியது, எல்லாம் சுமாராகச் செய்யும். இன்னும் சேர்த்தால் வைப்பர் 1,42,931. அதற்கும் மேலே 3,49,718 கிரெடிட்டில் 1984இன் அதே கோப்ரா மார்க் த்ரீ.

மருமகன் போனில் ஈகிளுக்கு வாதாடினான்.

“ஹாலரா? அதுல என்னங் மாமா இருக்குது?”

“ஒண்ணும் இல்ல மாப்ள. அதான் வேணும்.”

ஹாலரின் வெற்று உடல் எடை 14 டன். ஓசி சைட்வைண்டரே 25 டன், ஈகிள் 50 டன். லாரி ஆபீஸ்காரருக்கு அழகைவிட அந்த எண்தான் முதலில் கண்ணில் பட்டது. காலி வண்டியின் எடை குறைந்தால் என்ன நடக்கும் என்பது அவருக்குத் தெரியும். விண்வெளியில் ஹாலர் என்பது நம் ஊர் டிவிஎஸ் 50. யாரும் அதன் மேல் சாய்ந்து நின்று போட்டோ எடுத்துக்கொள்ள மாட்டார்கள், ஆனால் ஊரில் பாதிப் பிழைப்பு அதன் மேல்தான் ஓடும்.

இந்த விளையாட்டில் எடைக்கு இருக்கும் மரியாதையைக் கொஞ்சம் விளக்க வேண்டும். ஒரு விண்மீனிலிருந்து இன்னொன்றுக்குத் தாவ உதவும் இயந்திரத்துக்கு ஃப்ரேம் ஷிஃப்ட் டிரைவ் என்று பெயர். அது எவ்வளவு தூரம் தாவும் என்பது கப்பலின் மொத்த எடையைப் பொறுத்தது. எடை பாதியானால் தூரம் இரட்டிப்பாகும். எரிபொருளுக்கும் எடை உண்டு என்பதால், டேங்க் காலியாகக் காலியாகக் கப்பல் சற்றுக் கூடுதலாகத் தாவும். ஒரே மூச்சில் நீண்ட தாவலாகப் போவதைவிட அதே தூரத்தை இரண்டு குட்டித் தாவலாகப் போனால் எரிபொருள் மிச்சம். விண்மீன் வரைபடத்தில் வழி போடும்போது ‘வேகமான பாதை’, ‘சிக்கனமான பாதை’ என்று இரண்டு பொத்தான்கள் இருப்பது இதனால்தான். மைலேஜ் கணக்கு எழுதியே பழகிய ஒருவருக்கு இதைவிட வேறு என்ன வேண்டும்?

கப்பல் வாங்குவது பாதி வேலை. மீதிப் பாதி அவுட்ஃபிட்டிங், அதாவது உள்ளே எதை வைப்பது, எதை எடுப்பது என்பது. எந்தக் கப்பலிலும் ஏழு அவசியமான உறுப்புகள் உண்டு: மின்நிலையம், த்ரஸ்டர், ஃப்ரேம் ஷிஃப்ட் டிரைவ், உயிர்காப்பு, மின்பகிர்வான், சென்சார், எரிபொருள் டேங்க். இவற்றுக்கு எண்ணும் எழுத்துமாக இரண்டு அடையாளம். எண் அளவைச் சொல்லும், 1 முதல் 8 வரை. எழுத்து தரத்தைச் சொல்லும். இ என்பது கப்பலோடு வரும் மலிவுச் சரக்கு. ஏ என்பது மிகச் சிறந்தது, விலையும் அப்படியே. பி கனமானது, அடி தாங்கும். புதிதாக வருகிறவர்கள் இ-யிலிருந்து ஏ-வுக்கு நேரே ஏறிவிடப் பார்ப்பார்கள். நடுவில் இருக்கும் டி-யைக் கவனிக்க மாட்டார்கள். எல்லாத் தரத்திலும் எடை குறைந்தது டி.

நம்மவர் ஒரு பழைய லெட்ஜரின் பின்பக்கத்தில் பட்டியல் போட்டார். உயிர்காப்புக் கருவி இ தரத்தில் 1.3 டன், டி தரத்தில் அரை டன். முன்கண்ணாடி உடைந்தால் ஆக்சிஜன் இ-யில் 5 நிமிடம் வரும், ஏ-யில் 25 நிமிடம். ஆனால் ஏ-யும் 1.3 டன். சண்டைக்குப் போகாத கப்பலுக்குக் கண்ணாடி எங்கே உடையப்போகிறது? டி போதும். சென்சார் டி. மின்பகிர்வான் டி. த்ரஸ்டர் டி. துப்பாக்கி வேண்டவே வேண்டாம், அதற்கும் எடை இருக்கிறது. ஃப்ரேம் ஷிஃப்ட் டிரைவ் ஒன்று மட்டும் ஏ. அதன் விலை சுமார் 1,60,000 கிரெடிட், கப்பல் விலையைப் போல மூன்று மடங்கு.

அந்தக் காசைச் சேர்க்க அவர் பல ராத்திரி கடிதம் சுமந்தார். வாங்கிப் பொருத்தியதும் கப்பலின் எடை, எரிபொருளோடு சேர்த்து, 30 டன்னுக்குள் நின்றது. கடையில் வாங்கும்போது 10 ஒளியாண்டைத் தொடாத ஹாலர் 25ஐத் தாண்டியது. அந்த எண் திரையில் மாறியதைப் பார்த்து அவர் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். பக்கத்து அறையிலிருந்து மனைவி கேட்டார்: “ஏனுங்க, அந்த லாரி இன்னும் ஊர் போய்ச் சேரலீங்களா?”

மின்சாரக் கணக்கு தனி. மின்நிலையம் இத்தனை மெகாவாட் என்று ஒரு வரம்பு தரும், அதற்குள் குடும்பம் நடத்த வேண்டும். வலதுபக்கப் பலகையில் ஒவ்வொரு உறுப்புக்கும் 1 முதல் 5 வரை முன்னுரிமை கொடுக்கலாம். மின்சாரம் பற்றாமல் போனால் 5இல் இருப்பவை முதலில் அணையும். சரக்குக் கதவுக்குக்கூட 0.6 மெகாவாட் போகிறது. சரக்கே ஏற்றாத கப்பலில் அதை அணைத்துவைத்தால், சிறிய மின்நிலையத்தோடு சமாளிக்கலாம். சிறிய மின்நிலையம் என்றால் எடை குறைவு. எடை குறைவு என்றால் தூரம் கூடும். சுற்றிச் சுற்றி அங்கேதான் வந்து நிற்கும்.

பெரிய கப்பலில் இந்தச் சச்சரவு இல்லை. அனகோண்டா வைத்திருப்பவர் எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு கிளம்பலாம். சின்னக் கப்பல்காரர் கிளம்புவதற்கு முன்பே தான் என்ன செய்யப் போகிறோம் என்று முடிவு செய்தாக வேண்டும். சண்டைக்கும் சரக்குக்கும் தூரப் பயணத்துக்கும் ஒரே ஹாலரில் இடம் கிடையாது. நம்மவருக்கு விளையாட்டு பிடித்துப்போனது இந்தக் கட்டத்தில்தான். பறப்பதைவிடப் பட்டியல் போடுவதில் அவர் அதிக நேரம் செலவழித்தார் என்பதே உண்மை. அதற்கு விளையாட்டும் வசதி செய்திருந்தது: வாங்கிய உறுப்பைத் திருப்பி விற்றால் கொடுத்த விலை முழுசாகக் கைக்கு வரும். மாற்றி மாற்றிப் பொருத்திப் பார்க்க ஒரு பைசா நஷ்டம் இல்லை.

இரண்டு விஷயங்களில் மட்டும் அவர் எடைக் கணக்கைப் பார்க்கவில்லை. ஒன்று ஷீல்டு. தூரம் போகிறவர்கள் பலர் ஷீல்டைக் கழற்றிவிடுவார்கள். ஸ்டேஷனின் வாசல் என்பது சுழலும் சுவரில் ஒரு நீண்ட பிளவு. அதில் எதிரே ஒரு பெரிய கப்பல் அவசரமாக வெளியே வந்தால் ஷீல்டு இல்லாத ஹாலர் அப்பளம். ஆகவே சிறியதாக ஒன்று, டி தரத்தில், உள்ளே போனது. இன்னொன்று ஃபியூயல் ஸ்கூப். விண்மீனை ஒட்டிப் பறந்து அதன் வாயுவை அள்ளி டேங்கை நிரப்பும் கருவி. இதற்கு விளையாட்டு எடையே வைக்கவில்லை. ‘எடை: 0’ என்று பார்த்ததும் லெட்ஜர்காரருக்கு நம்பிக்கை வரவில்லை, இரண்டாவது தடவையும் பார்த்தார்.

எல்லா விண்மீனிலும் அள்ள முடியாது. ஓ, பி, ஏ, எஃப், ஜி, கே, எம் என்ற ஏழு வகைகளில் மட்டும் முடியும். இவை வானியலாளர்கள் உண்மையிலேயே பயன்படுத்தும் வகைகள், நம் சூரியன் ஜி. பழுப்புக் குறுமீன்கள், வெண்குறுமீன்கள், நியூட்ரான் மீன்கள் பக்கம் போனால் ஒன்றும் கிடைக்காது. கிட்டே போகப்போக வேகமாக நிரம்பும், கூடவே கப்பல் கொதிக்கும். வெப்பமானி 100 சதவீதத்தைத் தாண்டினால் உறுப்புகள் சேதமாகத் தொடங்கும். எரிபொருள் தீர்ந்து நடுவழியில் நிற்பவர்களுக்கு என்றே ‘ஃபியூயல் ரேட்ஸ்’ என்று ஒரு தொண்டர் கூட்டம் 2015இலிருந்து இயங்குகிறது. ஆட்டக்காரர்கள் தாங்களாகவே அமைத்துக்கொண்டது. கூப்பிட்டால் எத்தனை தூரம் இருந்தாலும் வந்து எரிபொருள் ஏற்றிவிடுவார்கள், கூலி கிடையாது.

அதற்கப்புறம் நம்மவர் கோப்ரா வாங்கினார், சரக்கு ஓட்டினார், காசு பார்த்தார். ஹாலரை மட்டும் விற்கவில்லை. அதற்குக் காரணம் இருந்தது. அப்போதெல்லாம் ஒரு கப்பலை எந்த ஸ்டேஷனில் விட்டீர்களோ அங்கேயேதான் அது நிற்கும். தேவைப்பட்டால் நேரில் போய் எடுத்து வர வேண்டும். அப்படிப் போய்வர, தூரம் தாவக்கூடிய ஒரு சின்னக் கப்பலை டாக்சியாக வைத்துக்கொள்வது பழைய ஆட்டக்காரர்களின் வழக்கம். பாதிப் பேரின் டாக்சி ஹாலர்தான். 2016 அக்டோபரில் வந்த புதுப்பதிப்பில், காசு கொடுத்தால் கப்பலை நாம் இருக்கும் இடத்துக்கே அனுப்பிவைக்கும் வசதி வந்தது. டாக்சிகளின் காலம் அத்தோடு முடிந்தது.

அதே ஆண்டு மே மாதம் இன்ஜினியர்கள் வந்திருந்தார்கள். கடையில் வாங்கிய உறுப்பைத் திருத்தி மேம்படுத்தித் தரும் கற்பனைப் பாத்திரங்கள் இவர்கள். டெசியாட் என்ற அமைப்பில் இருக்கும் ஃபெலிசிட்டி ஃபார்சியர் ஃப்ரேம் ஷிஃப்ட் டிரைவில் கெட்டிக்காரி. அவர் வாசலில் நுழைய ஒரு டன் மெட்டா அல்லாய் கொண்டுபோக வேண்டும். அது கார்த்திகை விண்மீன் கூட்டத்தில் இருக்கும் மாயாவில் கிடைத்தது. சூரியனிலிருந்து ஏறக்குறைய 400 ஒளியாண்டு. ஒரு டன்தான் என்பதால் ஹாலரே போய் வந்தது. ஐந்தாம் தர மேம்பாட்டுக்கு ஆர்செனிக் வேண்டும், வேற்றுக் கோளில் இறங்கி வண்டியில் அலைந்து பாறையைச் சுட்டால் கிடைக்கும். கூடவே, மற்றக் கப்பல்கள் தாவிப்போன தடத்தை ஸ்டேஷன் வாசலில் காத்திருந்து அலசி எடுக்கும் தகவல் துணுக்குகளும் வேண்டும். ஆரம்ப காலத்தில் இந்த மேம்பாடு குலுக்கல் சீட்டு. என்ன வரும் என்பது அதிர்ஷ்டம். 2018 பிப்ரவரிக்குப் பிறகுதான் போட்ட பொருளுக்கு ஏற்ற பலன் என்று ஒழுங்கானது.

ஹாலரின் டிரைவ் சிறியது, எவ்வளவு திருத்தினாலும் அதற்கு ஓர் எல்லை. நீண்ட பயணம் என்று மனம் ஓடத் தொடங்கியபோது அவர் தேர்ந்தெடுத்த அடுத்த கப்பலும் சின்னதுதான்: டயமண்ட்பேக் எக்ஸ்ப்ளோரர். 2015இல் விளையாட்டுக்குள் வந்தது, விலை 18,94,760 கிரெடிட். அப்போது தூரப் பயணிகள் எல்லோரும் ஆஸ்ப் எக்ஸ்ப்ளோரர் வாங்கினார்கள். விரிந்த கண்ணாடி, பரந்த காட்சி, விலை 66 லட்சத்துக்கு மேல். டயமண்ட்பேக்கிலிருந்து பார்த்தால் காட்சி அவ்வளவு சிறப்பில்லை. ஆனால் சிறிய தளத்தில் இறங்கும் அந்த உடம்புக்குள் ஆஸ்ப்பில் இருக்கும் அதே ஐந்தாம் அளவு டிரைவைப் பொருத்தலாம். இன்னொரு குணமும் உண்டு: அது எளிதில் சூடாகாது. விண்மீனை உரசிக்கொண்டு எரிபொருள் அள்ளும்போதே அடுத்த தாவலுக்குத் தயாராகிவிடலாம். நூற்றுக்கணக்கான தாவல் கொண்ட பயணத்தில் அந்தச் சில நொடிகள் மணிக்கணக்காகச் சேரும்.

இங்கேயும் பழைய கதைதான். ஏ தர டிரைவின் விலை 51 லட்சம், கப்பலைப் போல இரண்டரை மடங்குக்கும் மேல். தொலைவில் இருக்கும் கோள்களைக் கண்டுபிடிக்கும் ஸ்கேனர் அப்போது தனியாக வாங்க வேண்டியது, அது மட்டும் 15 லட்சம். மற்றதெல்லாம் டி. துப்பாக்கி இல்லை. உறுப்புகளைப் பழுதுபார்க்கும் கருவி ஒன்று, இறங்கி ஓட்ட ஒரு வண்டி.

மண்டலத்தின் மையத்தில் இருக்கும் கருந்துளை சஜிட்டேரியஸ் ஏ ஸ்டார், சூரியனிலிருந்து சுமார் 25,900 ஒளியாண்டு. தாவலுக்கு 35 ஒளியாண்டு என்று வைத்தால் 740 தாவல். நம்மவர் தினமும் வேலை முடிந்து வந்து கொஞ்சம் கொஞ்சமாகப் போனார். நியூட்ரான் மீன்களின் பீய்ச்சலுக்குள் நுழைந்து வந்தால் அடுத்த தாவல் நான்கு மடங்கு நீளும், டிரைவ் கொஞ்சம் தேயும். பழுதுபார்க்கும் கருவிக்கு இடம் ஒதுக்கியது அங்கேதான் வேலைக்கு வந்தது. வழியில் யாரும் பார்க்காத அமைப்பை முதலில் அலசியவருடைய பெயர் அந்த விண்மீனோடு எல்லோருக்கும் தெரியும்படி நிற்கும். இன்றும் எங்கோ ஒரு மூலையில் சில எம் வகைக் குறுமீன்களின் மேல் நம்மவர் பெயர் இருக்கிறது.

மருமகன் இதற்குள் அனகோண்டா வாங்கியிருந்தான். 14 கோடிக்கு மேல். “மாமா, ஹட்டன் ஆர்பிட்டல் போங்க, அங்க அனகோண்டா சும்மா தராங்களாமுங்” என்று ஒருநாள் அளந்தான். அது ஆட்டக்காரர்கள் புதியவர்களைச் சீண்டச் சொல்லும் பழைய புளுகு. ஆல்ஃபா சென்டாரியில், வந்து இறங்கும் விண்மீனிலிருந்து 0.22 ஒளியாண்டு தள்ளி இருக்கும் ஸ்டேஷன் அது. ஒரு மணி நேரத்துக்கு மேல் நேர்கோட்டில் பறக்க வேண்டும். விஷயம் தெரிந்தே நம்மவர் ஹாலரில் கிளம்பினார். அங்கே விற்கும் ஹட்டன் மக் என்ற அபூர்வச் சரக்கை ஏற்றிக்கொண்டு வந்து மருமகனுக்குப் படம் அனுப்பினார். அவனுடைய அனகோண்டாவால் அங்கே இறங்கவே முடியாது. அது அவுட்போஸ்ட், பெரிய கப்பலுக்குத் தளம் கிடையாது.

2017இல் கப்பலுக்குப் பெயர் வைக்கும் வசதி வந்தபோது ஹாலருக்கு ‘சுமைதாங்கி’ என்று ஆங்கில எழுத்தில் எழுதினார். பெயிண்டுக்கு நிஜக் காசு கேட்டார்கள். அதை அவர் வாங்கவில்லை.

2024இல் விளையாட்டு மீண்டும் மாறியது. சூப்பர்குரூஸ் ஓவர்சார்ஜ் என்ற புதுவகை டிரைவ் வந்து, ஹட்டன் பயணத்தைச் சில நிமிடங்களில் அடக்கிவிட்டது. தூரப் பயணத்துக்கென்றே மாண்டலே என்ற நடுத்தரக் கப்பலும், கோப்ரா மார்க் ஃபைவ் என்ற புதுச் சின்னக் கப்பலும் சேர்ந்தன. எண்களை மட்டும் பார்த்தால் ஹாலரும் டயமண்ட்பேக்கும் இன்று பின்தங்கியவை. ஆனாலும் 52,720 கிரெடிட்டுக்கு எடைக் கணக்கை இத்தனை தெளிவாகக் கற்றுத்தரும் கப்பல் அந்தக் கடையில் வேறு இல்லை என்பது நம்மவரின் தீர்ப்பு. மருமகன் அதை இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை.

புதிதாக இறங்குகிறவர்களுக்கு அவர் சொல்வது இவ்வளவுதான். கிடைக்கும் முதல் காசில் ஃபியூயல் ஸ்கூப் வாங்குங்கள். டிரைவ் ஏ, மற்றவை டி என்று தொடங்குங்கள். கப்பல் அழிந்தால் திரும்பப் பெற அதன் மொத்த விலையில் 5 சதவீதம் கட்ட வேண்டும். அந்தத் தொகை கையில் இல்லாமல் ஸ்டேஷன் வாசலைத் தாண்டாதீர்கள்.